கடைமுனைக் கோட்டையின் வடிகால்

ரஞ்சனி சார்ட்டை விரித்துத் தரையில் வைத்ததும் ஹலீம் பாய், "அடேயப்பா" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே இளவேனிலுக்குத் தெரிந்துபோயிற்று, தளபதிப் பதவி தன் கையைவிட்டுப் போய்விட்டது.

ஏழு மதில்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, வாட்டர் கலரில், உள்ளே போகப்போகச் செங்கல் நிறம் அடர்ந்துகொண்டே போனது. மதிலுக்கு ஒரு வாசல். எந்த வாசலும் அடுத்த வாசலுக்கு நேராக இல்லை. மேலே நிற்கும் வில்லாளியின் தலைப்பாகை மடிப்பைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இளவேனில் மனதுக்குள் கருவினாள். ரஞ்சனி ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பிறந்தவள். மாடி ஜன்னலைத் திறந்தால் மதில், பால் பாக்கெட் வாங்கப் போனால் மதில். பிறந்த ஊரைப் பார்த்து வரைந்துவிட்டு அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்தால் கைதட்ட நாலு பேர் இருக்கிறார்கள்.

நாலு பேர் என்பது பேச்சுக்கு. ரஞ்சனி வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறவர்களே மொத்தம் நாலு பேர்தான். கதை சொல்பவன் வளவன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா பட்டறையில் ஃபிட்டர். அவர்கள் ஆடுவதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் கிடையாது. காகிதமும் இருபது முகப் பகடையும் வாயும்தான் ஆட்டம். வளவன் ஓர் உலகத்தைச் சொல்வான், மற்ற மூன்று பேரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்வார்கள். பாலக்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் அங்கே ஒரு வைத்தியர். ஆர்க்கிடெக்ட் ரஞ்சனி அங்கே செம்பியள் என்ற வாள்வீராங்கனை. இளவேனில் கொற்றி, ஊருக்கு வெளியே குடிசைபோட்டு வாழும் வேவுக்காரி. இரண்டு வருஷமாக வளர்த்த பாத்திரங்கள். செத்தால் செத்ததுதான், திரும்பி வர முடியாது என்பது வளவன் முதல் நாளே போட்ட சட்டம்.

இப்போது கதை கடைமுனையில் வந்து நின்றது. பாலைக்கும் நாட்டுக்கும் நடுவே கடைசி ஊர். நாலாயிரம் சனம், முந்நூறு வீரர். மழைக்காலம் பிறந்ததும் முள்ளர்கள் என்ற படை வடக்கேயிருந்து இறங்கும். நகரத்தைக் காக்க நல்ல திட்டம் கொண்டுவருகிறவர்தான் கடைமுனையின் தளபதி என்று இரண்டு வாரம் முன்பு வளவன் அறிவித்திருந்தான்.

அந்த இரண்டு வாரமும் இளவேனில் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் செலவழித்தாள். தில்லை நகரில் ஒரு சர்வே ஆபீஸில் அவளுக்கு வேலை. பாதாளச் சாக்கடைக்கு ரோட்டின் மேடுபள்ளம் அளப்பது. வளவன் வாய்வார்த்தையாகச் சொன்ன ஊரை அடிக்கு அடி மட்டம் பார்த்துக் குறித்தாள். வடக்கே மேடு, தெற்கே சரிவு, நடுவில் களஞ்சியம், அதன் பக்கத்தில் குளம். மதில் கட்ட ஆளும் இல்லை நாளும் இல்லை என்று கணக்குப் பார்த்து, வேறு வழி போட்டாள். பச்சைமலையில் அவள் அப்பா பிச்சமுத்துவின் மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றிக்கு அதுதான் வழி. பன்றி வேலியை முட்டி உடைக்காது. சுற்றிச்சுற்றிச் சந்து தேடும். சந்தை நாமே வைக்க வேண்டும், அந்தச் சந்தில் பள்ளம் வெட்ட வேண்டும்.

முதலில் அவள்தான் பேசினாள். எண்ணும் கோடுமாக இருந்த அந்தத் தாளை ஹலீம் பாய் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மதில் எங்கேம்மா என்று கேட்டார். மதில் கிடையாது, பன்றிக்கு வைக்கிற மாதிரி முள்ளும் பள்ளமும் ஒரு சந்தும்தான், உள்ளே விட்டு அடைக்கணும் என்றாள்.

வளவன் சிரித்தான். "இளா, நான் கோட்டைன்னுதான் சொன்னேன். மரவள்ளிக் கொல்லைன்னு சொல்லலையே."

அவனுக்கு அவள் அப்பாவின் கொல்லை தெரியாது. சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். ஆனால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நாலு நாள் நின்றபோது, குடும்பத்தில் ஒருத்தர்கூடவா படிக்கலை என்று கேட்ட கிளார்க்கின் குரல் அப்படியே அந்தச் சிரிப்பில் இருந்தது. அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு ரஞ்சனி. ஏழு மதிலையும் காட்டிவிட்டுக் கடைசியில், "கிழக்கு வாசலை மட்டும் வேணும்னே பலவீனமா காட்டறேன். அவாளே அந்தப் பக்கம் வருவா, அங்க மடக்கிடலாம்" என்றாள்.

"இதுதான் யோசனை" என்றான் வளவன்.

இளவேனிலுக்குக் காது மடல் சுட்டது. பத்து நிமிஷம் முன்பு அவள் சொன்ன அதே சந்து. அவள் சொன்னால் கொல்லை, இவள் வாட்டர் கலரில் சொன்னால் யோசனை. போதாததற்கு ரஞ்சனியே, இளவேனில் சொன்னதும் நன்னாத்தான் இருக்கு, ரெண்டையும் சேர்த்துக்கலாமே என்று பெருந்தன்மை வேறு காட்டினாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஜெயித்தவள் போடுகிற மிச்சம் தொண்டையில் இறங்கவில்லை. தளபதி செம்பியள் என்று வளவன் நோட்டில் எழுதினான். ரஞ்சனியின் அம்மா காபி டம்ளர்களோடு படியேறி வந்தார். தளபதிக்கு முதல் டம்ளர் என்று ஹலீம் பாய் எடுத்து நீட்டினார்.

காபி குடித்தபடியே சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இளவேனில் கண்ணில் அது பட்டது.

வடிகால். ஏழு மதிலுக்குள் பெய்கிற மழை எங்கே போகும் என்பதற்காக, நடுக்குளத்திலிருந்து தெற்கே வெளிமதில்வரை நீலத்தில் ஒரு கோடு. கல் வைத்துக் கட்டிய சுரங்கம், ஆள் குனிந்து போகலாம் என்று ஓரத்தில் குறிப்பு. வாசல்களை அவ்வளவு கவனமாக ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தவள் வடிகாலை ஸ்கேல் வைத்து நேர்கோடாக இழுத்திருந்தாள், ஏழு மதிலையும் ஒரே குத்தாகக் குத்தி. கம்பிக் கதவு கிடையாது. தெற்கே அந்த வாயில் தலையைக் கொடுக்கிறவன் ஒரு மதிலையும் தாண்டாமல் களஞ்சியத்தில் போய் எழுந்திருப்பான். ஆறு மாதமாகச் சாக்கடை அளக்கிறவளுக்கு அது ஒரு நொடி வேலை. மற்ற மூன்று பேருக்கும் அது வெறும் நீலக் கோடு.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கலைவதற்கு முன்னால், தன் பாத்திரம் அடுத்த வாரத்துக்குள் ரகசியமாக ஏதாவது செய்வதாக இருந்தால் சீட்டில் எழுதி ஒரு பழைய முறுக்கு டின்னில் போடலாம். மூடி போட்டால் திரும்ப எடுக்கக் கூடாது. வளவன் டின்னைப் பொன்மலைக்கு எடுத்துப்போய்ப் படித்து, அதற்கேற்பக் கதையை நகர்த்துவான். யார் எழுதியது என்று மூச்சு விடமாட்டான். முழுக்கதையும் முடிகிற நாளில்தான் எல்லாச் சீட்டையும் சத்தமாகப் படிப்பார்கள். போன கதையில் ஹலீம் பாய் எல்லாருடைய கஞ்சியிலும் தூக்க மருந்து கலந்தது அப்படித்தான் தெரிந்து, மூன்று வாரம் சிரித்தார்கள்.

இளவேனில் எழுதினாள்: "கொற்றி முள்ளர்களுக்குச் சொல்லி அனுப்புகிறாள். தெற்கு வடிகாலில் கதவு இல்லை. நேராகக் களஞ்சியம்."

டின்னில் விழும்போது சீட்டுக்குச் சத்தமே இல்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஏழு மதிலும் இடிந்து, தலைப்பாகை வில்லாளிகள் தலைகுப்புற விழுந்து, ரஞ்சனி வாயடைத்து உட்கார்ந்திருக்கும் காட்சியை இடமலைப்பட்டி புதூர் ஹாஸ்டல்வரை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

புதன்கிழமை மதியம் புதூரிலேயே ஒரு தெருவில் அவளுக்கு லெவல் எடுக்கும் வேலை. முக்காலி மேல் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அளவுகோலைத் தூக்கிப் பிடித்தபடி காத்தான் அண்ணன், அந்த ஆபீஸில் இருபது வருஷமாக இருப்பவர். லென்ஸுக்குள் திடீரென்று ஒரு ஸ்கூட்டர் புகுந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் ரஞ்சனி. வெயிலில் முகம் சிவந்திருந்தது. முதுகில் சார்ட் சுருட்டிய குழாய்.

ஆபீஸில் கேட்டு, அங்கிருந்து தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு மெடிக்கல் ஷாப் நிழலில் சார்ட்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தாள்.

"இந்த வடிகால் எனக்கு என்னமோ உறுத்தறது, இளவேனில். என்னன்னு சொல்லத் தெரியலை. எங்க காலேஜ்ல மேல கட்டறதைத்தான் சொல்லிக்கொடுத்தா, கீழ ஓடறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நமக்குள்ள இது தெரிஞ்சவ நீ ஒருத்திதான். பாரேன்."

காத்தான் அண்ணன் அளவுகோலோடு நடந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இந்தத் தெருவுலயா கோட்டை வருது? கவுன்சிலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ரெண்டு மதில் அவரு வீட்டுக்கு மேல போகுது."

ரஞ்சனி சிரித்தாள். இளவேனில் சிரிக்கவில்லை. அவள் விரல் நீலக் கோட்டின் மேல் நின்றது. இங்கே வளைக்கணும், இங்கே கதவு வைக்கணும் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் நீலக் கோட்டை மாற்றி வரையலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் அவள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனி திருத்திய சார்ட்டை விரிப்பாள், ஹலீம் பாய் அடேயப்பா என்பார், இளவேனில்தான் சொன்னாள் என்று ரஞ்சனி பெருந்தன்மையாக ஒரு வரி சேர்ப்பாள். என் மூளையும் இவள் சார்ட்டில் ஒரு ஓரக் குறிப்பா.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் இளவேனில். "தண்ணி நேராப் போனாத்தான் அடைக்காது."

"நிஜமாவா?"

"நான் தினம் பண்ற வேலை இது."

"நீ சொன்னா சரிதான்" என்று ரஞ்சனி நிம்மதியாகச் சுருட்டினாள். அம்மா தட்டை பண்ணியிருக்கா, உனக்குன்னு தனியா கொடுத்தனுப்பினா என்று ஒரு டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனாள். இளவேனில் மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தாள். அதில் தெரிந்த அளவை இரண்டு தடவை தப்பாக எழுதினாள். தட்டையைக் காத்தான் அண்ணனிடமே கொடுத்துவிட்டாள்.

ஞாயிறன்று வளவன் டின்னோடு வந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. கடைமுனையில் மழை பிடித்துவிட்டது என்று ஆரம்பித்தான். வடக்கே முள்ளர்களின் தீப்பந்தங்கள் தெரிகின்றன. தளபதி ஆட்களை அங்கங்கே காவலுக்கு நிறுத்தலாம்.

ரஞ்சனி குறித்து வைத்திருந்ததைப் படித்தாள். கிழக்கு வாசலுக்கு அவளே. களஞ்சியத்தில் காயம்பட்டவர்களோடு வைத்தியர். "தெற்கு வடிகாலும் நடுக்குளத்து மதகும் கொற்றி பொறுப்பு. அது சரியா இருக்குன்னு பார்த்துச் சொன்னவளே அவதான். அதனால அந்தப் பக்கம் எனக்குக் கவலையே இல்லை."

இளவேனில் பகடையை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். வளவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

ஒரு மணிநேரம் கிழக்கு வாசலில் சண்டை நடந்தது. பொய்ச்சண்டை என்று இளவேனிலுக்கும் வளவனுக்கும் மட்டும் தெரியும். செம்பியள் எண்பது பேரைச் சாய்த்தாள். ஹலீம் பாய் ஒவ்வொரு வெட்டுக்கும் தொடையைத் தட்டினார். பிறகு வளவன் குரலைத் தாழ்த்தினான். தெற்கே, மழைச் சத்தத்துக்குள், வேறு ஒரு சத்தம். வடிகாலுக்குள் இருநூறு முள்ளர்கள் குனிந்து வருகிறார்கள். முதல் ஆள் மூன்றாவது மதிலுக்கு அடியில். களஞ்சியத்தில் வைத்தியரிடம் ஆயுதம் இல்லை.

"யா அல்லாஹ்" என்றார் ஹலீம் பாய். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. ரஞ்சனியின் பென்சில் சார்ட்டின் மேல் நீலக் கோட்டைத் தொட்டு நின்றது. அப்போதுதான் அவளுக்கு அது நேர்கோடாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"கொற்றி" என்றான் வளவன். "என்ன பண்றே?"

இதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். ரஞ்சனி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள், நினைத்த மாதிரியே. ஆனால் பக்கத்தில் ஹலீம் பாய் தன் வைத்தியரின் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் அழித்து அழித்து எழுதிப் பஞ்சாகிப்போன தாள். அதை இளவேனில் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பொறாமைக்காரிக்கு ஒரே ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரிவாள். சுற்றியிருக்கிறவர்கள் எல்லாம் மதில் மாதிரி, சும்மா நிற்பார்கள்.

அவள் பேசியபோது குரல் ஆபீஸில் பேசுகிற குரலாக வந்தது. கடைசி ஆள் உள்ளே நுழைகிறவரை கொற்றி விடுகிறாள். பிறகு தெற்கு வாயில் மரப்பலகைகளைப் போட்டு, மண் மூட்டைகளால் அடைக்கச் சொல்கிறாள். மழையில் குளம் நிரம்பியிருக்கிறது. குளத்தின் மட்டத்துக்கும் வடிகாலின் வாய்க்கும் இருபது அடி வித்தியாசம். மதகைத் திறக்கிறாள்.

"பதினஞ்சுக்கு மேல விழணும்" என்றான் வளவன்.

பதினேழு விழுந்தது.

ஹலீம் பாய் எழுந்தே நின்றுவிட்டார். கீழேயிருந்து என்ன சத்தம் என்று ரஞ்சனியின் அம்மா கேட்டார். இருநூறு பேர், ஒரு வாள் எடுக்காமல், ஒரு மதில் இடியாமல். "பன்னிப் பள்ளம்" என்று ஹலீம் பாய் கத்தினார். "அன்னிக்கே சொல்லுச்சு இந்தப் பிள்ளை. சந்து வைக்கணும், உள்ள விட்டு அடைக்கணும்னு. நாமதான் கேலி பண்ணோம்."

ரஞ்சனி மெல்ல நிமிர்ந்தாள். "அப்போ புதன்கிழமை நீ வேணும்னேதான் அப்படியே இருக்கட்டும்னு விட்டியா? பொறியா வைக்கறதுக்கு? என்கிட்ட சொன்னா நான் உளறிடுவேன்னு?" முகம் மலர்ந்துபோயிற்று. "வளவன், எழுதிக்கோ. இனிமே தளபதி கொற்றி."

எல்லாம் கிடைத்துவிட்டது. அடேயப்பா, பதவி, பன்றிப் பள்ளத்துக்குக் கைதட்டல். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வளவன் பேனாவைத் திறந்துகொண்டு நோட்டைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கமாட்டான், சட்டம் அப்படி. கதை முடிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும். அதுவரை தளபதி. அதற்கப்புறம் ஒருநாள் எல்லாரும் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சீட்டைச் சத்தமாகப் படிப்பார்கள்.

அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ரஞ்சனியின் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. இவள் தோற்கிறபோதுகூட நன்றாகத் தோற்கிறாள்.

டின்னை இழுத்தாள். மூடியைத் திறந்து, "கூடாது" என்று வளவன் சொல்வதற்குள் தன் சீட்டை எடுத்துப் படித்துவிட்டாள். மூன்று வாக்கியம்.

"பொறியும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள். "முள்ளருக்குச் சொல்லி அனுப்பினது நான்தான். எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் சொன்னப்ப சிரிச்சீங்க. அதையே இவ கலர் அடிச்சுச் சொன்னப்ப கைதட்டுனீங்க. அதுக்காகப் பண்ணேன். பாய், உங்க வைத்தியர் செத்திருப்பாரு. அதை நான் யோசிக்கலை. அதுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க."

ஹலீம் பாய் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் வைத்தியரைக் கொல்ல வந்த முதல் ஆள் நீ இல்லைம்மா என்று முணுமுணுத்தார். வளவன் பேனாவை மூடினான். கொல்லை பற்றிச் சொன்னது அவனுக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது போலக் காது சிவந்திருந்தது.

ரஞ்சனி மட்டும் அசையவில்லை.

"நான் வெயில்ல உன்னைத் தேடிண்டு வந்தேன்" என்றாள்.

"ஆமா."

"தப்புன்னு தெரிஞ்சேதான் நல்லாருக்குன்னு சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

ரஞ்சனிக்கு மூக்கு நுனி சிவந்தது. அழுவாள் என்று இளவேனில் நினைத்தாள். அழுதால் அதுவும் அழகாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தாள். அவள் அழவில்லை. சார்ட்டைத் தரையோடு தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு வந்து இளவேனிலின் முழங்காலில் இடித்தது. மேலே பென்சில்.

"வளவன், பதவி யாருக்கும் வேண்டாம். காலியா இருக்கட்டும்." பிறகு இளவேனிலைப் பார்க்காமலே சொன்னாள். "உன்னோட பேசறதா வேண்டாமான்னு நான் அப்புறம் யோசிச்சுக்கறேன். முள்ளர் இன்னும் ஆயிரம் பேர் வெளியில இருக்கா. எங்க வளைக்கணும், எங்க கதவு வைக்கணும், போடு."

இளவேனில் குனிந்தாள். மூன்றாவது மதிலுக்கு அடியில் ஒரு திருப்பம், ஐந்தாவதில் இன்னொன்று, தெற்கு வாயில் இரட்டைக் கம்பிக் கதவு. வாட்டர் கலரின் மேல் பென்சில் கோடு அழுக்காகத்தான் விழுந்தது. பரவாயில்லை என்று விட்டாள்; வடிகால் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பென்சில் கையில் கனமாக, வழுக்காமல், இழுத்த இடத்துக்கெல்லாம் வந்தது. ஆபீஸில் கொடுக்கிற பென்சில் இப்படி வராது. அதுகூட இவளிடம் நல்லதாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபடி, அடுத்த கதவை அழுத்தி வரைந்தாள்.